இன்னிக்கு இன்னா போர்டு?

என் மச்சானிடம் "சாப்பிட்டேன்" என்று ஒரு வார்த்தையில் சொல்லி யாரும் தப்பித்ததில்லை. "இன்னா சாப்ட்ட?" என்பார். சோறு என்றால், "சோறு ஊரே துன்னுது. கொழம்பு இன்னா?" என்பார். குழம்பைச் சொன்னால் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பார். அதையும் சொல்லி முடித்த பிறகுதான் வந்த காரியம் என்ன என்று விசாரிப்பார்.

அச்சரப்பாக்கத்தில் ஒரு துக்க வீட்டுக்கு அவரோடு போயிருந்தேன். பந்தலில் உட்கார்ந்ததும் மச்சான், இறந்தவரின் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா கடேசியா இன்னா சாப்ட்டாரு?" என்று கேட்டார். எனக்குக் கூசிப்போயிற்று. அந்த மனிதர் காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்தவர். "இட்லியும் வடகறியும். வடகறி இன்னும் கொஞ்சம் வைய்யின்னு கேட்டு வாங்கினாரு" என்று சொல்லிவிட்டு, அதுவரை வராத அழுகையை அழுது தீர்த்தார். மச்சான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "கேட்டு வாங்கினாரா. அப்ப சந்தோசமா தான் போய்க்கிறாரு" என்றார்.

அவர் என் மனைவியின் அண்ணன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் அரசுப் பேருந்தை, வேலையில் இருந்த காலமெல்லாம் ஓட்டியவர். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். சில காலைகளில் அவர் வண்டியிலேயே போய் வருவேன். திருக்கழுக்குன்றத்தில் வண்டி நிற்கும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணாவது சீட்டு, கருவாட்டுக் கொழம்பு. கத்திரிக்கா போட்டது" என்பார். மூன்றாவது இருக்கைப் பெண் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

"அண்ணாத்த, ரோட்ட பாத்து ஓட்டு. மூக்க வெச்சிகினு ஓட்டாத" என்பார் நடத்துநர்.

"ரோடு எங்கடா ஓடிடப்போவுது? கருவாடு தான் ஆறிப்பூடும்."

அவரைப் பெருந்தீனிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தட்டில் எப்போதும் கொஞ்சமாகத்தான் இருக்கும். பிறர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பதில்தான் அவருக்கு வயிறு நிறையும். ஒரு மனிதனின் சாப்பாடு தெரிந்துவிட்டால் அவனைத் தெரிந்துவிட்டது என்று நினைத்தார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது.

அப்படிப்பட்டவருக்குத்தான், ஓய்வு பெற்ற பிறகு, மூளையின் அடித்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. கை கால் தப்பின. குரல் கரகரத்துப்போய் மிஞ்சியது. விழுங்குவது மட்டும் அடியோடு போய்விட்டது. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் நுரையீரலுக்குள் இறங்கியது. வயிற்றில் சிறு துளை போட்டு ஒரு குழாயை வைத்து, இனி எல்லாம் இதன் வழியாகத்தான் என்றார்கள்.

அப்போது அவர் மனைவியும் இல்லை, என் மனைவியும் இல்லை. அவருடைய ஒரே மகள் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அப்பாவைத் தன்னோடு கூப்பிட்டாள். "அங்க எல்லாரும் கதவ சாத்திக்கினு துன்றாங்க. பக்கத்து வூட்ல இன்னா கொழம்புன்னு கூட தெரியாது. நான் எங்க மாப்ள வூட்டுக்கே போறேன்" என்று செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதல் நாள், செவிலி கற்றுக்கொடுத்தபடி பெரிய ஊசிக்குழலைக் குழாயில் பொருத்தி, உணவை ஊற்றப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மாப்ள இது?"

"சாப்பாடு மச்சான்."

"இன்னா சாப்பாடு? போர்டு மாட்டாம வண்டிய எடுக்குற. ஏறி குந்திகினு கீற பேசஞ்சருக்கு எந்த ஊருக்குப் போறோம்னு தெரிய வாணாமா?"

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. தலையணைகளை அடுக்கி நிமிர்ந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். "இன்னிக்கு இன்னா போர்டு?" என்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். "சாதம், துவரம்பருப்பு, அரைக்கீரை மசியல். பூண்டு தட்டிப் போட்டது." வாய்க்குள் நாக்கை ஒருமுறை சுழற்றிக்கொள்வார். பிறகு உத்தரவு வரும். "போலாம் ரைட்." அதற்குப் பிறகுதான் ஊற்றலாம். ஊற்றி முடிக்கும் வரை கண்ணைத் திறக்கமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தொறந்து பாத்தா கஞ்சி. மூடிக்கினா சாப்பாடு" என்றார்.

"உப்பு கம்மியா போட்டுட்ட" என்று சில நாள் சொல்வார். நாக்கில் படாத உப்பு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "உன் கொரல்லயே தெரியுது" என்பார். போய்ச் சட்டியில் தொட்டு ருசி பார்த்தால் உப்பு குறைவாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் காரில் எங்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவாள். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மீன் கடை. மச்சான் காரிலிருந்தபடியே எனக்கு வஞ்சிரம் வறுவல் வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என் வாயை ஓட்டுவார். "ஓரத்துல மொறுமொறுன்னு கீதே, அத்த மொதல்ல கடி. ம். இப்ப வெங்காயம். மெதுவா மெல்லு, இன்னா டிரெய்னா கெளம்புது?" நான் பயந்த மாணவனைப் போல மென்றுகொண்டிருப்பேன். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "பெருசு, நீ துன்னலியா?" என்றாள். "துன்னுக்கினு தான் கீறேன். வாய் அவன்து, ருசி என்து" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கொண்டுவந்து என் தட்டில் வைத்தாள். அதையும் நான்தான் தின்னவேண்டியிருந்தது.

இனிமேல் எழுதுவதுதான் எழுத வராதது.

ஒரு நாள் முருங்கைக்கீரை போட்ட உணவு குழாயில் நின்றுவிட்டது. வெந்நீர் விட்டுப் பார்த்தேன், நகரவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் குழாயை மாற்றிக்கொண்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்று முழுக்க அவருக்குப் பட்டினி. வலியும் இருந்தது. நான் மிகவும் பயந்துவிட்டேன். மறுநாள் முதல் கீரையை நிறுத்தினேன். எண்ணெய் குழாயின் உட்பக்கம் பிசுபிசுப்பாக ஒட்டுவதால் அதையும் நிறுத்தினேன். சோற்றையும் பருப்பையும் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி வடிகட்டி, ஆடை நீக்கிய பாலும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்தேன். வெள்ளை வெளேரென்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்கு அது பெரிய திருப்தியாக இருந்தது.

அன்று மதியமும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னிக்கு இன்னா போர்டு?"

"அரைக்கீரை" என்றேன்.

அவர் முகம் மலர்வதைப் பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. கீரை ஆய்வதும் அரைப்பதும் எனக்குச் சலித்துவிட்டன என்பது மறு பாதி. பொய் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அந்த மூக்கை ஏமாற்ற ஒரு வழியும் கண்டுபிடித்தேன். சிறு கரண்டியில் எண்ணெயைக் காயவைத்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தட்டிய பூண்டும் போட்டுத் தாளிப்பேன். வீடு முழுக்க மணக்கும். "ஆஹா" என்பார் கட்டிலிலிருந்து. தாளித்த வாசனை அவருக்குப் போகும். எண்ணெயும் பூண்டும் என் தயிர்சோற்றுக்குப் போகும். குரலில் உப்பைக் கண்டுபிடித்தவருக்கு இந்தப் பொய் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் அவர் ஏமாளி என்பதல்ல. சாப்பாட்டு விஷயத்தில் ஒருவன் பொய் சொல்வான் என்பது அவர் கற்பனையிலேயே கிடையாது.

அவரைப் பார்க்கப் பழைய நடத்துநர் வந்தார். "எம் மாப்ள காலேஜ் வாத்தியாரு. எனக்கோசரம் கீர ஆஞ்சி, கடைஞ்சி, தாளிச்சி ஊத்துறான். எங்க வூட்டுக்காரி கூட இந்தப் பக்குவத்துல செஞ்சதில்ல, அவ கேக்கமாட்டா, தெகிரியமா சொல்றேன்" என்றார் மச்சான். நடத்துநர் என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். நான் காப்பி டம்ளரை நீட்டினேன்.

மழைக்காலத்தில் மச்சானுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்தார்கள். குறைந்தது, திரும்ப வந்தது, திரும்பவும் மருந்து. அதற்குப் பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. ஆட்டோ கம்பியில் லேசாக இடித்துக்கொண்ட முழங்கை கத்திரிப்பூ நிறமாயிற்று. வாய் துடைக்கும் துணியில் ஈறிலிருந்து ரத்தம் ஒட்டியது. வயதானால் இப்படித்தான் என்று நினைத்தேன். ஒரு காலையில் குழாயைச் சுற்றி வைத்திருந்த பஞ்சு முழுக்கச் சிவப்பாக நனைந்திருந்தது. வயிற்றில் மிச்சம் இருக்கிறதா என்று ஊசிக்குழலால் இழுத்துப் பார்த்தேன். காப்பித்தூள் கரைத்த மாதிரி பழைய ரத்தம் வந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். மகளும் கேளம்பாக்கத்திலிருந்து வந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் சொன்னார்: "ரத்தம் உறைய ரொம்ப நேரம் எடுக்குது. மூளை அடைப்புக்காக இவருக்குக் குடுக்கற மாத்திரையால இந்த அளவுக்கு ஆகாது." பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். "கீரை ஏதாவது குடுக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். அத்தனை சோர்விலும் அந்தக் கரகரத்த குரலில் ஒரு பெருமை.

"இன்னா டாக்டரம்மா அப்டி கேட்டுட்ட? தெனம் கீரதான். நேத்து பொன்னாங்கண்ணி. அதுக்கு மின்ன முருங்க. எம் மாப்ள கை அப்டி."

"எண்ணெய்?"

"தாளிக்காம கீர ஏது?"

மருத்துவர் தலையசைத்தார். "அப்போ சாப்பாட்டுல குறை இல்ல. கல்லீரல்லதான் ஏதோ இருக்கணும். இங்க வெச்சுக்க வேணாம், சென்னைக்கு அனுப்பிடறேன்." மகள் முகம் வெளுத்து, ஆம்புலன்சுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கைபேசியை எடுத்தாள்.

மருத்துவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கதவை நோக்கி இரண்டடி நடந்தும்விட்டேன்.

"எங்க போற மாப்ள? அவங்களுக்குச் சொல்லு. பூண்ட தட்டிப் போடுவியே, அத்த சொல்லு" என்றார் மச்சான்.

"கீரையே இல்லைங்க" என்றேன். "குழாய் அடைச்சதிலேருந்து கீரையும் போடலை, எண்ணெயும் போடலை. வடிகட்டின கஞ்சிதான். பல மாசமா."

மச்சான் என்னைப் பார்த்தார்.

"தாளிச்ச வாசன வந்துச்சே மாப்ள."

"வாசனை மட்டும்தான் மச்சான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ரத்தம் உறையறதுக்கு வைட்டமின் கே வேணும். அது நமக்குப் பெரும்பாலும் கீரையிலேருந்தும் எண்ணெயிலேருந்தும்தான் கிடைக்குது. கொழுப்பு இல்லாம அது உடம்புல சேராது. குடல்ல இருக்கற நல்ல கிருமிங்க கொஞ்சம் செஞ்சு குடுக்கும். ரெண்டு தடவை குடுத்த மருந்து அதையும் துடைச்சிருக்கும். குழாய்ல சாப்பிடறவங்களுக்கு நாம ஊத்தறதுதானே உணவு? பசிச்சா தானா எழுந்து போய் ஒரு வாய் வேற எதையும் எடுத்துச் சாப்பிட முடியாதே" என்றார். சென்னைக்கு அனுப்புவதை நிறுத்தி வைத்து, அந்த வைட்டமினையே ஊசி வழியாகக் கொடுத்தார். அதில் உறையவில்லை என்றால்தான் கல்லீரலைப் பார்க்கவேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற செவிலி மெதுவாகக் கேட்டாள்: "ஊத்தறதுக்கு முன்னாடியும் அப்புறமும் தண்ணி விட்டீங்களா சார்?" முடித்த பிறகு மட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான் விட்டிருந்தேன். குழாயை அடைத்தது கீரை அல்ல, நான்தான்.

மறுநாள் பரிசோதனையில் ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. பஞ்சு வெள்ளையாக இருந்தது. கல்லீரலுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மச்சான் என்னோடு பேசவில்லை. எல்லாரிடமும் பேசினார். செவிலியிடம் காலையில் என்ன நாஸ்தா என்று கேட்டார், எதிர்க் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து வந்த சாம்பாரில் முள்ளங்கி போட்டிருப்பதை மூக்காலேயே சொன்னார். நான் அருகில் போனால் கண்ணை மூடிக்கொள்வார்.

மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, உங்களக் குத்தம் சொல்லல. ஆனா அப்பாவ நான் கூட்டினு போறேன். டப்பால வர்ற மாவு, எல்லாம் அளவா கலந்தது, அதக் குடுத்துக்கறேன்." சரி என்றேன். வீட்டுக்குப் போய் அவர் வேட்டி சட்டைகளை மடித்து ஒரு பையில் எடுத்து வந்தேன்.

அவர் கேளம்பாக்கம் போகவில்லை. அந்தப் பை அப்படியே என் வீட்டுக்குத் திரும்பியது. பிறகு சில ஆண்டுகள் என்னோடுதான் இருந்தார். கீரையை நன்றாக வேகவைத்து, அரைத்து, மெல்லிய சல்லடையில் தேய்த்து எடுத்தேன். ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தேன். முன்னாலும் பின்னாலும் தண்ணீர் விட்டேன். குழாய் ஒரு முறைகூட அடைக்கவில்லை. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதே சட்டியிலிருந்து எடுத்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிடவேண்டும். "டிரைவர் வேற வண்டில வந்தா பேசஞ்சர் எப்டி நம்புவான்?" கீரை பிடிக்காத நான் அந்த ஆண்டுகளில் தின்ற கீரைக்குக் கணக்கில்லை.

இன்னொன்றும் செய்தார். நடந்ததை ஊர் முழுக்கச் சொன்னார். மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தில், பந்தி நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சுற்றி நின்றவர்களிடம், "எம் மாப்ள இன்னா பண்ணான் தெரியுமா? மாமல்லபுரம்னு போர்ட மாட்டிட்டு என்ன மதுராந்தகம் இட்டுக்கினு வந்துட்டான். ஏரிய பாத்தப்புறம் தான் எனக்கே தெரியுது" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு முறை அவர் சொல்லும்போதும் ரத்தம் குறைந்து, சிரிப்பு கூடிக்கொண்டே போனது. கடைசியில் அந்தக் கதையில் ரத்தமே இல்லை. அதனால்தான் நான் அவரிடம் மன்னிப்பே கேட்கவில்லை. கேட்பதற்கு அவர் இடம் வைக்கவில்லை. இடம் வைக்காவிட்டாலும் கேட்டிருக்கவேண்டும்.

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் என்னென்னவோ விசாரித்தார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் படுத்திருந்தார். அதனால் நானே வந்தவர் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிறுகீரை, பாசிப்பருப்பு, நல்லெண்ணெய் ஒரு கரண்டி. உப்பு சரியாக இருந்தது.

அந்தப் பை ஏன் கேளம்பாக்கம் போகவில்லை என்று இன்னும் சொல்லவில்லை.

நான் பையோடு மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, செவிலி ஊசிக்குழலும் ஒரு குவளையுமாக நின்றிருந்தாள். ரத்தம் நின்றுவிட்டதால் குழாய் வழியாக முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மகள் கையை நீட்டினாள்.

"அத்த அவன் கைல குடு" என்றார் மச்சான்.

வாங்கிக்கொண்டேன். ஊசிக்குழலைப் பொருத்தினேன். அவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு இன்னா போர்டு?"

"தண்ணி மச்சான்."

"தண்ணின்னா?"

"வெறும் தண்ணிதான். வேற ஒண்ணும் இல்லை."

"எந்த ஊரு தண்ணி?"

செவிலி சிரித்துவிட்டாள். மகளும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். திருக்கழுக்குன்றத்துத் தண்ணீர் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அது என் நாக்கு நுனி வரை வந்தது.

"ஆஸ்பத்திரி கேன் தண்ணி மச்சான். எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். வாய்க்குள் நாக்கை ஒருமுறை சுழற்றினார்.

"போலாம் ரைட்" என்றார்.